அலையில் பட்டம் ஏன் துவண்டு விழுகிறது?

கடலிலிருந்து கரைக்குக் காற்று வீசுகிறது; அலையும் அதே திசையில்தான் வருகிறது. கைட்சர்ஃபிங் செய்பவர், அதாவது பட்டம் இழுக்கப் பலகையில் நின்று நீரில் சறுக்குபவர், அலையில் சறுக்கிக் கரைப்பக்கம் பாயும்போது தன் பட்டத்தை நோக்கியே போகிறார். காற்று 18 நாட், அவர் வேகம் 12 நாட் என்று வைத்துக்கொள்வோம். பட்டத்துக்குக் கிடைப்பது 6 நாட் மட்டுமே. இழுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் மூன்றில் ஒன்றானால் விசை ஒன்பதில் ஒன்று! கயிறு தொய்கிறது, பட்டம் நீரில் விழுகிறது. அதனால்தான் இங்கே எடை குறைந்த, காற்றடைத்த குறுக்குக் குழாய்கள் மூன்றுக்கு மேல் இல்லாத பட்டம் வேண்டும். கயிறு தளர்ந்தாலும் அது காற்றோடு மிதந்தபடி பின்வாங்கும்.

கரைக்கு இணையாக வீசும் காற்றுதான் பலருக்கும் பிடித்தது. அங்கே சட்டென்று திரும்பும் பட்டம் இருந்தால் நல்லது.

கேப் வெர்டேயின் சால் தீவில் உள்ள பொன்டா பிரெட்டாவில் கதை வேறு. வடகிழக்கு வியாபாரக் காற்று தீவைக் கடந்து கடலுக்குள் வீசுகிறது. கரை நோக்கிச் சறுக்குபவரைப் பட்டம் பின்னாலிருந்து இழுக்கும். நிலத்தைத் தாண்டி வரும் காற்று சீராகவும் இருக்காது. ஆகவே சற்றுச் சிறிய, பிடிதண்டைத் தள்ளியதும் இழுவிசையைக் கைவிடும் பட்டமே சரி. கயிறு அறுந்தால் இந்தக் காற்று ஆளை நடுக்கடலுக்குக் கொண்டுபோய்விடும். மீட்புப் படகு இல்லாத கரையில் தயவுசெய்து இறங்காதீர்கள்.