தீ வளர்த்த மேய்ச்சல்

வேட்டைக்காகப் பேணப்பட்ட இரவிகுளம் புல்வெளி இன்று வரையாட்டின் கோட்டை. ஆனால் அந்தப் புல்லை எப்படிக் காப்பது என்ற சர்ச்சை மட்டும் அணையவில்லை.

அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் செல்பவர்கள் துப்பாக்கியைத் துடைப்பதற்குப் பல மாதங்கள் முன்பே மண்வெட்டியைத் தேடுகிறார்கள். தங்கள் காட்டு நிலத்தில் ஒரு துண்டை உழுது குளோவர், ஓட்ஸ், டர்னிப் விதைக்கிறார்கள். தீனி இருக்கும் இடத்துக்கு மான் வரும் என்பது கணக்கு. மூணாறு மலைகளில் தேயிலை பயிரிட்ட பிரிட்டிஷ் துரைமார்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். அவர்களுக்கு ஏர் தேவைப்படவில்லை. தீப்பெட்டி போதுமானதாக இருந்தது.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி, சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது இரவிகுளம். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இங்கேதான் நிற்கிறது. தேயிலைக்கு ஒத்துவராத இந்தப் பீடபூமியைக் கண்ணன் தேவன் தோட்ட அதிகாரிகள் தங்கள் வேட்டைக்களமாக ஒதுக்கிக்கொண்டார்கள். 1928-ல் இதற்கென ஒரு சங்கமே உருவானது. முதுவர் பழங்குடியினர் காவலர்களாக அமர்த்தப்பட்டனர். கண்டபடி சுடுவதற்கு அனுமதி இல்லை. முதிர்ந்த கடாக்களே குறி. அடுத்த ஆண்டும் வேட்டை வேண்டுமானால் குட்டிகள் பிழைக்க வேண்டும், குட்டிகள் பிழைக்கப் புல் வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

புல் என்றால் எல்லாப் புல்லும் அல்ல. மலைப்புல் முற்றினால் நார் பாய்ந்து சத்து குறைந்துவிடுகிறது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் அது கருகிக் காய்கிறது. அந்தக் குளிர்காலத்திலேயே, மண்ணில் ஈரம் இருக்கும்போது, சில பகுதிகளுக்கு மட்டும் தீ வைப்பார்கள். மேலே காய்ந்த தாள் எரியும், அடித்தூர் பிழைத்துக்கொள்ளும். சில வாரங்களில் இளந்தளிர் எழும். வரையாடு குட்டி போடுவதும் ஏறத்தாழ இதே சமயத்தில்தான். பால் கொடுக்கும் தாய் ஆட்டுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. அடுத்த ஆண்டு வேறு பகுதி எரியும். ஆக, மலையில் எப்போதும் எங்காவது இளம்புல் இருக்கும். ஒளிந்துகொள்ள உயரமான பழம்புல்லும் இருக்கும். போதாக்குறைக்கு ராஜமலையில் தோட்டத்துக்காரர்கள் உப்பும் வைத்துப் பழக்கினார்கள். சுற்றுலாப் பயணிகளைக் கண்டு இன்றும் அங்குள்ள வரையாடுகள் மிரளாததற்கு அந்த உப்பும் ஒரு காரணம்.

1971-ல் கண்ணன் தேவன் நிலங்களைக் கேரள அரசு சட்டமியற்றி எடுத்துக்கொண்டது. பீடபூமி 1975-ல் சரணாலயமாகவும் 1978-ல் தேசியப் பூங்காவாகவும் மாறியது. வேட்டை போனது, தீ போகவில்லை. புல்வெளியைப் பகுதி பகுதியாக எரிக்கும் முறையை வனத்துறையும் கடைப்பிடித்தது. விளைவு கண்ணெதிரே இருக்கிறது. 2025 ஏப்ரலில் கேரளமும் தமிழகமும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் இரு மாநிலங்களிலும் 2,600-க்கும் அதிகமான வரையாடுகள் இருப்பது தெரிந்தது. அவற்றில் 800-க்கும் மேல் வெறும் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இரவிகுளத்தில். உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத விலங்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே பூங்காவில்!

கருகும் கேள்விகள்

ஆனால் வரையாடு மட்டுமே மலை அல்ல. புல்லின் அடியில் கூடு கட்டும் பறவைகள் இருக்கின்றன. 2010-ல் உலகுக்கு அறிமுகமான, செந்நிறத் தவளை ஒன்று ஆனைமுடியின் உச்சியில் புல் தூர்களுக்குள்ளேதான் வாழ்கிறது. தாவித் தப்ப அதற்கு வரையாட்டின் கால்கள் இல்லை. பள்ளங்களில் ஒடுங்கி நிற்கும் சோலைக்காட்டின் ஓரக் கன்றுகளையும் தீ விட்டுவைப்பதில்லை. ஒரு விலங்குக்காக மலையையே மேய்ச்சல் நிலமாக்கலாமா என்பது எதிர்ப்பவர்களின் வாதம்.

மறுதரப்பின் பதிலும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. எரிக்காமல் விட்டால் காய்ந்த புல் ஆண்டுக்கு ஆண்டு சேரும். மார்ச் மாதத்து வெயிலில் யாரோ வீசிய ஒரு பீடித்துண்டு போதும். குளிர்காலத் தீ முழங்காலோடு நிற்கும். கோடைத் தீ சோலைக்குள்ளும் புகுந்துவிடும். அது வரும் சமயம், குட்டிகள் பிறந்து சில வாரங்களே ஆகியிருக்கும்.

தீ வைக்காமலே தீனி வளர்க்கும் முயற்சிகளும் அக்கம்பக்கத்தில் நடக்கின்றன. பாலக்காடு மாவட்டத்தில், தமிழகத்தின் சேத்துமடை வழியாகவே சாலையில் சென்றடைய முடிகிற பரம்பிக்குளத்தில், ‘வயல்’ எனப்படும் சதுப்புப் புல்வெளிகள்தான் புள்ளிமானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல். உண்ணிச்செடி போன்ற களைகள் மண்டினால் மேய்ச்சல் சுருங்கும். களையெடுப்பதே அங்கே பராமரிப்பு. வட்டவடை அருகே பழத்தோட்டத்தில் சீகை எனப்படும் வாட்டில் மரங்கள் ஆக்கிரமித்திருந்த சரிவுகளில், பழங்குடிப் பெண்கள் காட்டுப் புல்லை நாற்றங்காலில் வளர்த்துக் கையால் நடுகிறார்கள். நெல் நடுவதுபோலக் குனிந்து, குத்துக் குத்தாக. செலவும் நேரமும் பிடிக்கும் வேலைதான். ஆனாலும் வாட்டில் ஒருமுறை வேரூன்றிவிட்டால் வரையாட்டுக்கு அங்கே இடமில்லை.

தமிழகமும் 2022-ல் தன் மாநில விலங்குக்கென 25 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது. ஆடுகளை எண்ணுவதும் கழுத்தில் கருவி பொருத்திப் பின்தொடர்வதும் அதில் அடக்கம். எவ்வளவு எண்ணினாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: அந்த ஆடு நாளைக்கு எதை மேயும்? வேட்டைக்காரனுக்கு அந்தக் கேள்வி சுயநலத்தில் பிறந்தது. பாதுகாவலர்களுக்கு அது கடமையில் பிறக்க வேண்டியிருக்கிறது.