கடலின் நீல நிறம்

கடலின் நீல நிறம் என்பது ஆழமான, தெளிந்த கடல்நீர் பகலொளியில் நீலமாகத் தோற்றமளிக்கும் இயற்பியல் நிகழ்வு ஆகும். நீர் மூலக்கூறுகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதும் இதற்கு முதன்மையான காரணங்கள் ஆகும். "கடல் ஏன் நீலமாக உள்ளது?" என்பது இயற்பியலைப் புதிதாக அறிய முற்படுவோர் கேட்கும் எளிய கேள்விகளுள் ஒன்று. வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்னும் வழக்கமான விடை போதுமானதன்று என்பதைத் திருச்சிராப்பள்ளியின் திருவானைக்காவலில் பிறந்த சி. வி. இராமன் 1921 ஆம் ஆண்டில் எளிய சோதனை ஒன்றின் மூலம் காட்டினார். அத்தேடலே பின்னர் இராமன் விளைவின் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது.

வானத்தின் எதிரொளிப்பு

வானத்தின் நீல நிறத்துக்கு விளக்கம் அளித்தவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு ஆவார். காற்றிலுள்ள மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. இத்தகைய துகள்களால் சிதறும் ஒளியின் செறிவு, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆகவே 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளி, 700 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைக் காட்டிலும் 9 மடங்குக்கு மேல் சிதறுகிறது. சூரிய ஒளியில் ஊதாவின் பங்கு குறைவாக இருப்பதாலும், மனிதக் கண் ஊதாவை அவ்வளவாக உணர்வதில்லை என்பதாலும் வானம் ஊதாவாகத் தோன்றாமல் நீலமாகத் தோன்றுகிறது.

ஆழ்கடலின் நீலம் நீருக்கு உரியதன்று, அது எதிரொளிக்கப்பட்ட வானத்தின் நீலமே என்று ரேலி 1910 ஆம் ஆண்டில் கருத்துத் தெரிவித்தார். இதில் ஓரளவு உண்மை உண்டு. மேகமூட்டமான நாட்களில் கடற்பரப்பு சாம்பல் நிறமாகத் தெரிவது எதிரொளிப்பினாலேயே ஆகும். ஆயினும் நீர்ப்பரப்பை நேர் மேலிருந்து நோக்கினால், அதன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே எதிரொளிக்கப்படுகிறது. எஞ்சியது நீருக்குள் சென்றுவிடுகிறது. உள்ளே சென்ற ஒளிக்கு என்ன நேர்கிறது என்பதற்கு இவ்விளக்கத்தில் விடை இல்லை.

இராமனின் சோதனை

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த இராமன், 1921 ஆம் ஆண்டு ஆக்சுபோர்டில் நடைபெற்ற பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்காக இங்கிலாந்து சென்றார். அப்பயணத்தில் மத்தியதரைக் கடலின் அடர்ந்த நீலம் அவரது கவனத்தை ஈர்த்தது. 'நர்குண்டா' என்னும் கப்பலில் நாடு திரும்புகையில், தம்மிடமிருந்த நிக்கோல் பட்டகம் என்னும் சிறு கருவியைக் கொண்டு கடலை ஆராய்ந்தார்.

ஒளியலைகள் பொதுவாக எல்லாத் திசைகளிலும் அதிர்கின்றன. நீர்ப்பரப்பில் செங்குத்திலிருந்து சுமார் 53 பாகைக் கோணத்தில் எதிரொளிக்கப்படும் ஒளியோ ஒரே திசையில் மட்டும் அதிர்கிறது. இது முனைவாக்கம் எனப்படும். நிக்கோல் பட்டகத்தைத் தகுந்தவாறு திருப்பினால் அவ்வொளியை முற்றிலும் தடுத்துவிடலாம். கடலின் நிறம் வானத்தின் எதிரொளிப்பு மட்டுமே எனில், இவ்வாறு தடுத்தவுடன் நீலம் மறைய வேண்டும். ஆனால் நீலம் மறையவில்லை. முன்னிலும் தெளிவாகத் தெரிந்தது. எனவே அந்நிறம் நீருக்குள்ளிருந்தே வருகிறது என்ற முடிவுக்கு இராமன் வந்தார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோது, 1921 செப்டம்பர் 26 ஆம் நாளிட்டு 'நேச்சர்' இதழுக்கு இதுபற்றி அவர் எழுதிய மடல், அவ்வாண்டு நவம்பரில் வெளியானது.

சிதறலும் உறிஞ்சலும்

நீர் மூலக்கூறுகளும் காற்று மூலக்கூறுகளைப் போன்றே நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கின்றன என்பது இராமனின் விளக்கம். அடர்த்தி மிகுந்த நீரில் இச்சிதறல் காற்றில் நிகழ்வதைவிட நூறு மடங்குக்கும் மேற்பட்டது.

நீரின் உறிஞ்சல் இதில் பெரும் பங்கு வகிக்கிறது என்பது இன்றைய புரிதல் ஆகும். நீர் மூலக்கூறிலுள்ள ஆக்சிசன்-ஐதரசன் பிணைப்புகள் இடையறாது அதிர்கின்றன. அவ்வதிர்வுகள் சிவப்பு ஒளியின் ஆற்றலைச் சிறிதளவு ஏற்றுக்கொள்கின்றன. ஒரு மீட்டர் தூய நீரைக் கடப்பதற்குள் 700 நானோமீட்டர் ஒளியில் ஏறத்தாழ பாதி உறிஞ்சப்படுகிறது. 420 நானோமீட்டர் ஒளியிலோ நூற்றில் ஒரு பங்குகூட உறிஞ்சப்படுவதில்லை.

ஒரு குவளை நீர் நிறமற்றுத் தோன்றுவதன் காரணமும் இதுவே. ஒளி கடக்கும் தொலைவு மிகக் குறைவு என்பதால் நிறத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கண் அறிவதில்லை. சில மீட்டர் நீளமுள்ள குழாயில் தூய நீரை நிரப்பி, வெள்ளை ஒளியை அதன் வழியே நோக்கினால் இளநீலம் புலப்படும். கனநீரில் ஐதரசனுக்குப் பதிலாக அதனினும் எடைமிக்க தியூட்டிரியம் இருப்பதால் பிணைப்புகள் மெதுவாக அதிர்கின்றன. அதன் உறிஞ்சல் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புப் பகுதிக்கு விலகிவிடுவதால் கனநீர் நிறமற்றது.

உறிஞ்சல் மட்டும் நிகழ்ந்து சிதறல் நிகழாவிடில், உள்ளே சென்ற ஒளி மேலே திரும்பாது. ஆழ்கடல் கருமையாகவே தோன்றும். ஆகவே சிவப்பை நீக்குவது உறிஞ்சல் எனவும், எஞ்சிய நீலத்தைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவது சிதறல் எனவும் சுருக்கமாகக் கூறலாம்.

பிற நிறங்கள்

கடல்நீரில் கரைந்துள்ள உப்பு அதன் நீல நிறத்துக்குக் காரணமன்று. ஆழமான நன்னீர் ஏரிகளும் நீலமாகவே காணப்படுகின்றன. நுண்ணிய பாசிகள் மிகுந்துள்ள கடற்பகுதிகளில் அவற்றின் பச்சையம் நீல ஒளியை உறிஞ்சுவதால் நீர் பச்சையாகத் தெரிகிறது. ஆற்றுமுகங்களில் வண்டல் கலந்த நீர் பழுப்பாக இருக்கும். வெள்ளக் காலத்தில் காவிரி செம்பழுப்பு நிறம் கொள்வதும் வண்டலினாலேயே ஆகும்.

இராமன் விளைவு

கடல் குறித்த கேள்வி, நீர்மங்களில் ஒளிச்சிதறல் பற்றிய தொடர் ஆய்வாகக் கல்கத்தாவில் வளர்ந்தது. 1923 ஆம் ஆண்டில் இராமனின் மாணவர் கே. ஆர். இராமநாதன், சிதறிய ஒளியில் நிறம் மாறிய மங்கலான ஒளியும் கலந்திருப்பதைக் கண்டார். நீர்மத்திலுள்ள மாசுகளே இதற்குக் காரணம் என முதலில் கருதப்பட்டது. ஆனால் மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்திய பின்னும் அவ்வொளி மறையவில்லை. 1928 பெப்ரவரி 28 அன்று இராமனும் கே. எஸ். கிருட்டிணனும் இது புதுவகைச் சிதறல் என்பதை உறுதிசெய்தனர்.

இதில் ஒளித்துகள் தன் ஆற்றலின் ஒரு பகுதியை மூலக்கூறின் அதிர்வுக்கு அளித்து, வேறு அலைநீளத்துடன் வெளிவருகிறது. நீரில் இவ்வாறு தோன்றும் முதன்மையான மாற்றம் ஆக்சிசன்-ஐதரசன் பிணைப்பின் அதிர்வினால் ஏற்படுவது. கடல்நீரில் சிவப்பு ஒளி உறிஞ்சப்படுவதற்குக் காரணமான பிணைப்பும் அதுவே ஆகும்.

இக்கண்டுபிடிப்புக்காக 1930 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது. பெப்ரவரி 28 ஆம் நாள் 1987 முதல் இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

சி. வி. இராமன்
இராமன் விளைவு
ஒளிச்சிதறல்
முனைவாக்கம்
திருவானைக்காவல்