கீறிட்ட இடத்தில் ஒரு சிரிப்பு

"கீறிட்ட இடங்களை நிரப்புக" என்னும் கட்டளையைப் பரீட்சைத் தாளிலே காணாத பிள்ளை ஈழநாட்டில் இல்லை. தமிழகத்துப் பிள்ளைகள் அதனையே "கோடிட்ட இடங்களை நிரப்புக" என்று படிப்பர். கீறு என்றாலும் கோடு என்றாலும் அதனைக் கண்டவுடன் சிறு பிள்ளையின் நெஞ்சில் எழுவது பெரும்பாலும் அச்சமே. அந்த இடத்துக்கு உரிய சொல் ஒன்றே ஒன்று. அது நினைவுக்கு வந்தால் புள்ளி உண்டு, வராவிட்டால் இல்லை. ஆயின், அதே கீற்றை வைத்துக்கொண்டே ஒரு வகுப்பு முழுவதையும் வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கவும் கூடும். அச்சிரிப்பினூடே மொழியின் ஒழுங்கை மனத்திற் பதியவைக்கவும் கூடும். விடுபட்ட சொற்களைக் கொண்டு வேடிக்கைக் கதை சமைக்கும் விளையாட்டே அதற்கு வழி.

விளையாட்டின் முறை மிக எளிது. ஒருவர் கையிலே ஒரு சிறு கதை இருக்கும். அதில் ஆறு ஏழு சொற்கள் விடுபட்டிருக்கும். அவர் கதையை எவருக்கும் காட்டமாட்டார். படித்துச் சொல்லவும் மாட்டார். "எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சொல் தாருங்கள்", "கடலில் வாழும் பிராணி ஒன்றைச் சொல்லுங்கள்" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பிள்ளைகள் கூறும் சொற்களைக் கீறிட்ட இடங்களில் எழுதிக்கொள்வார். எல்லாம் நிரம்பிய பின்னரே கதை உரத்து வாசிக்கப்படும். எந்தக் கதைக்கென்று அறியாமற் கொடுத்த சொற்களாதலின் அவை கதையிலே போய் விழும் இடம் எவரும் எதிர்பாராததாக இருக்கும். சிரிப்புப் பிறப்பது அங்கேதான்.

காங்கேசன்துறைப் பிள்ளைகளுக்கென ஒரு கதையை அமைத்துப் பார்ப்போம். கேட்கவேண்டிய சொற்கள் ஆறு. எப்படிப்பட்டது? "புளித்துப்போன" என்கிறது ஒரு பிள்ளை. கடலில் வாழும் பிராணி? "கணவாய்." அடுக்களையிலுள்ள ஒரு பொருள்? "நீத்துப்பெட்டி." ஓர் எண்? "நாற்பத்தேழு." தின்னும் பண்டம்? "பினாட்டு." ஓர் ஓசை? "தொபுக்கடீர்." இப்பொழுது கதையை வாசிக்கவேண்டும்.

"யாழ்தேவி காங்கேசன்துறைக்கு வந்து நின்றது. அதிலிருந்து புளித்துப்போன கணவாய் ஒன்று இறங்கியது. அது தன் தலையிலே நீத்துப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்திருந்தது. நேரே வெளிச்சவீட்டுக்குப் போய் அதன் படிகளில் நாற்பத்தேழு தரம் ஏறி இறங்கியது. பசி எடுத்ததும் புகையிரத நிலைய அதிபரிடம் வந்து, பினாட்டு வேண்டும் என்று கேட்டது. இல்லை என்று அவர் சொன்னவுடன், தொபுக்கடீர் என்று கடலிலே குதித்தது."

பெரியோர்க்கு இது பொருளற்ற பிதற்றலாகத் தோன்றலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதனினும் சிறந்த கதை உலகில் இல்லை. அடுத்த கணமே "இன்னுமொருக்கா" என்று கேட்கும்.

பொருந்தாத ஒன்றைக் கேட்டுப் பிள்ளை ஏன் இவ்வளவு மகிழ்கிறது? இதனை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் கோர்ணி சுக்கோவ்ஸ்கி என்னும் இரசியக் குழந்தை எழுத்தாளர். 1928இல் முதன்முதல் வெளிவந்து, பின்னர் "இரண்டிலிருந்து ஐந்து வரை" என்னும் பெயராற் புகழ்பெற்ற நூலில் அவர் இதற்கு விடை காண முயன்றார். உலகின் ஒழுங்கை அறிந்துகொண்ட பிள்ளையே அவ்வொழுங்கு தலைகீழாவதைக் கண்டு சிரிக்கும் என்பது அவர் கருத்து. கணவாய் நடவாது என்பதை அறியாத குழந்தைக்குக் கணவாய் வண்டியிலிருந்து இறங்குவது வெறுஞ் செய்தியேயாகும். அறிந்த குழந்தைக்கோ அது வேடிக்கை. ஆகவே சிரிப்பு அறியாமையின் அடையாளம் அன்று. "இது இப்படி நடவாது என்று எனக்குத் தெரியும்" என்று பிள்ளை பெருமையோடு கூறும் விடையே அச்சிரிப்பு.

இவ்விளையாட்டை அச்சிட்ட புத்தகமாக உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்கர் இருவர். 1953ஆம் ஆண்டிலே லெனாட் ஸ்டேர்ண் என்னும் எழுத்தாளர் தொலைக்காட்சி நகைச்சுவை நாடகமொன்றை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பாத்திரத்தின் மூக்கை வருணிக்க அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அங்கு வந்திருந்த நண்பர் றோஜர் பிறைஸ், எதற்கென்று அறியாமலே "தடுமாறுகின்ற", "அம்மணமான" என்று இரு சொற்களைக் கூறினார். தடுமாறுகின்ற மூக்கு! அம்மணமான மூக்கு! இருவரும் சிரித்த சிரிப்பிலே ஒரு விளையாட்டுப் பிறந்தது. ஐந்து ஆண்டுகளின் பின், 1958இல், "மாட் லிப்ஸ்" என்னும் பெயரோடு அது புத்தகமாயிற்று.

அதே 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவிலேயே வில்சன் ரெயிலர் என்னும் ஆய்வாளர் இன்னொரு கீறிட்ட இடத்தைப் பற்றி எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு பந்தியிலே குறித்த இடைவெளிக்கு ஒரு சொல்லாக நீக்கிவிட்டு, வாசிப்பவர் அவற்றை எவ்வளவு சரியாக ஊகித்து நிரப்புகிறார் என்று பார்த்து, அப்பந்தி அவருக்கு எவ்வளவு விளங்குகிறது என அளக்கும் முறை அது. அதனைக் "குளோஸ்" முறை என்பர். ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், ஒரே கீற்றுக்கு இரு பயன்கள் தோன்றின. ஒன்று எதிர்பார்க்கப்படும் சொல்லை வேண்டுகிறது. மற்றையது எதிர்பாராத சொல்லை வேண்டுகிறது. பாடசாலைகள் முதலாவதைக் கைக்கொண்டன. இரண்டாவதைப் பொழுதுபோக்கென்று புறத்தே நிறுத்திவிட்டன. உண்மையிலே இவ்விரண்டும் ஒன்றையொன்று தழுவி நிற்பன. எதிர்பார்க்கத்தக்கது எது என்று அறிந்தவனுக்கே எதிர்பாராதது சுவைக்கும்.

ஒருவர் குறையாக விட்டதை மற்றொருவர் நிறைவாக்குவது தமிழ் மரபுக்குப் புதியதன்று. கண்ணில்லாத ஒருவரும் கால் முடமான ஒருவருமாக வாழ்ந்த இரட்டைப் புலவர், ஒரு வெண்பாவின் முற்பாதியை ஒருவரும் பிற்பாதியை மற்றவரும் பாடினர் என்பது வழக்கு. ஈற்றடியைக் கொடுத்து மேலடிகளைப் பாடச் சொல்வதும் புலவர் அவைகளில் இருந்துவந்த முறையே. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் முற்றத்திலே போடும் நொடியும் இவ்வினத்தது. தொல்காப்பியர் அதனைப் பிசி என்றார். நொடியிலே பொருள் மறைந்திருக்கிறது. இவ்விளையாட்டிலே கதை மறைந்திருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

எனினும், ஆங்கிலத்திலுள்ள கதையை அப்படியே தமிழாக்கிப் பிள்ளைகள் கையிற் கொடுத்தால் விளையாட்டு இரண்டாம் வரியிலேயே முடங்கிவிடும். காரணம் மொழியின் அமைப்பு. ஆங்கிலத்திலே பெயர்ச்சொல் எழுவாயாக நின்றாலும் செயப்படுபொருளாக நின்றாலும் வடிவு மாறாது. தமிழிலோ பெயர் உருபை ஏற்கும். ஏற்கும்பொழுது தானும் மாறும். "வள்ளம்" என்பதை "வள்ளத்தை" என்கிறோம். "மாடு" என்பது "மாட்டை" என இரட்டித்து வருகிறது. "நண்டு" என்பதோ "நண்ட்டை" என வராது "நண்டை" என்றே வருகிறது. வினையும் எழுவாயின் திணை, பால் அறிந்தே முடிகிறது. "மேய்ந்தது" என்று முடியும் வரியிலே "ஆசிரியர்" என்னும் சொல் வந்து விழுந்தால் வேடிக்கையோடு திணை வழுவும் சேர்ந்து வந்துவிடும்.

இதனைத் தடையென்று எண்ணுவதினும் வாய்ப்பென்று கொள்வதே தகும். மேலே கூறிய கதையிலே "நீத்துப்பெட்டி ஒன்றை" என்று எழுதப்பட்டிருப்பதை நேயர்கள் கவனித்திருப்பர். உருபை "ஒன்று" என்னும் சொல் தாங்கிக்கொள்வதால் பிள்ளை கொடுத்த சொல் மாறாமல் நிற்கிறது. முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இவ்வாறே கதை அமைத்தல் வேண்டும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கோ அந்தத் தாங்குகோலை எடுத்துவிடலாம். "அது ...ஐத் தின்றது" என்று மட்டும் எழுதி, "சோறு" என்ற சொல் வந்தால் அதனை எப்படிப் பொருத்துவது என்று அவர்களையே கேட்கலாம். "சோறை" என்பான் ஒருவன். "சோற்றை" என்று திருத்துவாள் இன்னொருத்தி. குற்றியலுகரம் என்னும் பெயரைக் கேட்பதற்கு முன்பே அதன் இயல்பு அவர்கள் செவியிற் படிந்துவிடும்.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். "பெயரடை ஒன்று கூறு" என்றால் சிறு பிள்ளை திகைக்கும். யார், எது, எங்கே, எத்தனை, எப்படிப்பட்டது என்னும் வினாக்களே போதும். வினாவினால் இலக்கணம் கற்பிப்பது யாழ்ப்பாணத்துக்குப் பழகிய முறைதான். நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்கெனப் பாலபாடங்களை எழுதியதோடு "இலக்கண வினாவிடை"யையும் எழுதினார். பிள்ளைகளைச் சிரிக்கவைப்பதும் இம்மண்ணுக்குப் புதியதன்று. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் கத்தரித் தோட்டத்து வெருளியைப் பாட்டிற் கொண்டுவந்து நிறுத்தியவர் அல்லரோ? வினாவையும் நகையையும் ஒன்றாகச் சேர்ப்பதே இவ்விளையாட்டு.

வழு ஏழு வகைப்படும் என்று நன்னூல் கூறும். அவற்றுள் மரபு வழு பிள்ளைகளுக்கு மிகவும் உவப்பானது. மயில் அகவும், குயில் கூவும், காகம் கரையும், நாய் குரைக்கும். இவற்றை நிரல்பட ஒப்புவிக்கச் சொன்னால் பிள்ளை சோர்ந்துவிடும். கதையிலே "மயில் குரைத்தது" என்று வரட்டும். மரபை அறிந்த பிள்ளை உடனே சிரிக்கும். அறியாத பிள்ளை அருகிலிருப்பவனைப் பார்க்கும். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதை ஆசிரியர் அக்கணத்திலேயே அறிந்துகொள்வார். அங்கே சிரிப்புத்தான் புள்ளி. புள்ளி போய்விடுமோ என்ற அச்சம் மாத்திரம் இல்லை.

காங்கேசன்துறை போன்ற ஊருக்கு இவ்விளையாட்டினால் வேறொரு பெரும் பயனும் உண்டு. 1893இல் எழுந்த வெளிச்சவீடும், 1905இல் கொழும்போடு இணைந்த புகையிரதப் பாதையும், 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும் அவ்வூருக்குப் பெயர் தந்தன. 1990இல் போரின் காரணமாக மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர், ஆலை நின்றது, வண்டியும் நின்றது. பல ஆண்டுகளின் பின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. 2015 சனவரியில் வண்டி மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டிலே பிறந்த பிள்ளைகள் வேறிடங்களில் வளர்ந்தவர்கள். வீட்டைத் திருத்திக் கட்டலாம்; கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கலாம். ஊரின் சொற்களோ, தாம் வளராத ஊரிலே, பிள்ளைகளுக்குத் தாமாக வந்துவிடுவதில்லை.

கரைவலை, வாடி, வள்ளம் என்பன கடற்கரைச் சொற்கள். துலா, படலை, கதியால் என்பன வளவுச் சொற்கள். கடகம், சுளகு, நீத்துப்பெட்டி என்பன பனையோலை தந்த சொற்கள். இவற்றைப் பட்டியலாக எழுதிப் பாடமாக்கச் சொன்னால் மறுநாளே மறந்துபோகும். அதற்கு மாறாக, "வீட்டிலே அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ கேட்டு, வகுப்பில் எவருக்கும் தெரியாத சொல் ஒன்று கொண்டு வா" என்று பிள்ளைக்குச் சொல்லிவிடலாம். மறுநாள் அச்சொல் கதையின் கீற்றிலே ஏறும். கணவாய் தலையிற் கவிழ்த்த நீத்துப்பெட்டி எப்படி இருக்கும் என்று மற்றப் பிள்ளைகள் கேட்பர். அது பனையோலையாற் கூம்பு வடிவில் இழைத்தது, புட்டு அவிப்பது என்று கொண்டுவந்த பிள்ளை விளக்கும். தலையிற் கவிழ்த்தால் தொப்பி போலவே இருக்கும் என்பது விளங்கியதும் சிரிப்பு இரட்டிக்கும். அன்று சிரித்த பிள்ளை அச்சொல்லை மறவாது. பாட்டிமாருக்கும் தம் சொல் பள்ளிக்கூடம் போய்வந்த மகிழ்ச்சி உண்டாகும்.

விளையாட்டை நடத்துவோர் மனத்திற் கொள்ளவேண்டியவை சில. நான்கு ஐந்து வயதினருக்கு வாய்மொழியாகவே நடத்துதல் நன்று. கீறிட்ட இடம் நான்கு போதும். எழுதத் தெரிந்தவர்களைக் கதையையும் தாமே எழுதிக் கீறிட விடலாம்; எந்தச் சொல்லை நீக்கினால் வேடிக்கை மிகும் என்று எண்ணுவதே ஒரு கட்டுரைப் பயிற்சியாகும். வகுப்பிலுள்ள பிள்ளையின் பெயரையோ, உருவத்தையோ, வீட்டு வறுமையையோ கதையிற் புகுத்தலாகாது. கதையைப் பார்த்துச் சிரிக்கவேண்டுமேயன்றிப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க இடந்தரலாகாது. எல்லாவற்றினும் முக்கியம், பிள்ளை கொடுத்த சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வது. உருபு பிழைத்தால் எல்லோரும் சேர்ந்து திருத்தலாம், சொல்லைத் தள்ளலாகாது.

ஏனெனில், ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி வாங்கிலே வாய் திறவாது இருக்கும் பிள்ளை ஒன்று உண்டு. பிழைத்துவிடுமோ என்ற எண்ணமே அதன் வாயைக் கட்டியிருக்கிறது. இவ்விளையாட்டிலே எந்தச் சொல்லும் பிழையன்று. எவ்வளவு பொருந்தாததோ அவ்வளவு நன்று. அந்தப் பிள்ளை மெல்லக் கூறிய ஒரு சொல்லால் வகுப்பு முழுவதும் சிரித்து மகிழுமானால், நாளை அது இரண்டு சொல் கூறும். மறுநாள் ஒரு வசனம் கூறும். பரீட்சைத் தாளிலே கீற்றைக் காணும்பொழுதும் கை நடுங்காது. இவ்விளையாட்டுக்கு வேண்டிய முதல் ஒரு துண்டுக் கடதாசியும் ஒரு பென்சிலுமே. செலவாகும் நேரமோ பத்து நிமிடம்.