இரண்டாம் மொழி வகுப்பில் நகைச்சுவை: கோலார் தங்கவயல் தமிழ் மாணவரும் கன்னடமும்

மொழி வகுப்பில் நகைச்சுவை இளைப்பாறுதலுக்கு உரியது என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. பாடப்பொருளிலிருந்தே பிறக்கும் நகைச்சுவை கற்றற் கருவியும் ஆகும் என்பதைக் கோலார் தங்கவயல் தமிழ் மாணவரின் கன்னடக் கல்வி கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் சுரங்கப் பணியை ஏற்றபின் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் குடியேறினர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று பலர் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். ஆகவே கன்னடம் இவர்தம் பிழைப்பைச் சார்ந்த மொழியாகிறது. அதில் நேரும் பிழை நாணத்தையும் தருகிறது.

உறவுமொழியைக் கற்பதில் ஒப்புமையே துணை, ஒப்புமையே இடர். 'மாவு' தமிழில் அரைத்த பொடி, கன்னடத்தில் மாமரம். 'கத்து' தமிழில் கூச்சலிடு, கன்னடத்தில் கழுத்து. இவ்வூரில் வழங்கும் தெலுங்கையும் சேர்த்தால், தமிழில் விரைவைக் குறிக்கும் 'அவசரம்' தெலுங்கில் தேவையைக் குறிக்கிறது.

இவற்றினும் பயனுள்ளது இலை–எலி இணை. கன்னடத்தில் இலை 'எலெ', எலி 'இலி'. தமிழ் எழுத்து வடிவை நம்பி உணவுக்கு 'இலி' கேட்கும் மாணவன் எலியைக் கேட்டவனாகிறான். வகுப்பு சிரிக்கும், அச்சிரிப்பின் பின்னே இரு விதிகள் உள்ளன. அடுத்த அசையில் அகரம் வருமிடத்துப் பழைய இகரம் கன்னடத்தில் எகரமாகிறது (நிலம்–நெல). அடுத்த அசையில் இகரம் வருமிடத்து எகரம் இகரமாகிறது (செவி–கிவி). பேச்சுத் தமிழிலும் இலை 'எல' என ஒலிப்பதால் முதல் விதியை மாணவன் வீட்டிலிருந்தே கொண்டு வருகிறான். ஆசிரியர் கற்பிக்க வேண்டியது இரண்டாவதையே.

அச்சமும் நாணமும் மொழி உள்ளீட்டைத் தடுக்கும் என்பது கிராஷனின் (1982) கருத்து. பாடத்தோடு இயைந்த நகைச்சுவை தேர்ச்சியை உயர்த்தியதை அவ்னர் ஸிவ் (1988) புள்ளியியல் வகுப்பில் கண்டார். எனினும் ஒரு வரையறை உண்டு. மொழி அடையாளம் கூர்மையாக உணரப்படும் ஊரில், சிரிப்பு மாணவன்மீது விழுமாயின் அவன் வாய் திறவான். இரு மொழிகளின் உறவின்மீது விழுமாயின் அவனும் சேர்ந்து சிரிப்பான். எனவே ஆசிரியர் எடுத்துக்காட்டை ஒரு மாணவனின் பிழையிலிருந்து எடாமல் தாமே முன்வைத்தல் நலம். கன்னடம் பேசுவோர் தமிழில் செய்யக்கூடிய பிழையையும் உடன் காட்டின் சமநிலை பேணப்படும்.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இது பொருந்தும். முற்றிலும் அயலான சொல் அகராதியை நாடச் செய்யும். அறிந்தது போன்ற சொல்லோ ஐயமின்றிப் பிழைக்க வைக்கும். ஒருமுறை சிரித்துக் கற்ற வேறுபாடு அவ்விடத்தில் ஐயத்தை எழுப்பும்.