உங்களுக்குத் தெரியுமா? புல்மோட்டைக் கறுப்பு மணலும் சன்ஸ்கிரீனும்

திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியிலுள்ள புல்மோட்டைக் கடற்கரை மணல் கன்னங்கரேலென்று இருக்கும். கையில் அள்ளினால் கனக்கும். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த இல்மனைட் என்ற கனிமம்தான் காரணம். இது வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. இல்மனைட்டிலிருந்து எடுக்கப்படும் டைட்டானியம் டைஒக்சைட் ஒரு வெண்தூள். பெரும்பகுதி பெயின்டுக்குப் போக, சிறு பங்கு சன்ஸ்கிரீனில் சேர்ந்து புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. தோலின் உட்படையிலுள்ள கொலாஜனைச் சிதைத்துச் சுருக்கம் விழவைப்பவை இக்கதிர்களே. சுருக்கம் போன்றவற்றைக் குறைக்க லேசர், கெமிக்கல் பீல் சிகிச்சை செய்துகொண்ட மாநிறத் தோலில் வெயில் பட்டால் எளிதில் கருமை படரும்; சன்ஸ்கிரீன் இல்லாமல் அந்தச் சிகிச்சைகளுக்குச் செலவிடுவது வீண். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் இத்தோலைக் கறுக்கவைக்கும். அதைத் தடுக்க வெண்தூள் மட்டும் போதாது; இரும்பு ஒக்சைட் கலந்த தோல்நிறச் சன்ஸ்கிரீனே கூடுதல் பொருத்தம்.