திடீர்க் கோளாறு திடீரென வருவதில்லை

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளன்று பெரிய தேர் மாட வீதிகளில் வலம் வருகிறது. இத்தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. அதன் சக்கரங்கள் இடமோ வலமோ திரும்புவதில்லை. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்க, சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டைகளைப் பதம் பார்த்துப் போட்டுத்தான் தேரைத் திருப்புகிறார்கள். தேர் ஆடி அசைந்து வருவதால் இம்முறை போதும். ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காருக்கு இது உதவுமா?

காரின் முன் சக்கரம் ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். அது உருள வேண்டும். ஓட்டுபவர் விரும்பும் பக்கம் திரும்ப வேண்டும். சாலையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப மேலும் கீழும் அசைய வேண்டும். இத்தனை அசைவுகளுக்கும் இடம் கொடுத்துக்கொண்டே வண்டியின் எடையையும் தாங்குபவை சில மூட்டுகளே. பழைய கார் ஒன்றில் ஸ்டீயரிங் "திடீரென" கெட்டுவிட்டது என்று சொன்னால், பெரும்பாலும் இம்மூட்டுகளில் ஏதோ ஒன்று நெடுநாளாக நமக்கு அறிவித்து வந்ததை நாம் கேட்கவில்லை என்றே பொருள்.

இதை விளக்க நம் மாநிலத்திலேயே செய்யப்பட்ட கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் கார் தயாரானது. இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டு காரே இதற்கு மூலம். அக்கம்பெனி 1988-இல் கார் செய்வதை நிறுத்திவிட்டது. எனினும் பழைய கார்களைப் போற்றுவோர் சிலர் ஹெரால்டை இன்றும் ஓட்டுகிறார்கள். இதன் முன்பக்க மூடி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். திறந்தால் முன் சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் உறுப்புகளும் கண்ணெதிரே தெரியும். சுமார் 7.6 மீட்டர் விட்டமுள்ள வட்டத்திற்குள் இந்தக் கார் திரும்பிவிடும்!

ஹெரால்டின் ஒவ்வொரு முன் சக்கரமும் செங்குத்தான எஃகு உறுப்பு ஒன்றில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் மேல்முனையில் பந்துமூட்டு, அதாவது பால் ஜாயிண்ட், இருக்கிறது. கீழ்முனையில் திருகுமரை வெட்டியிருக்கும். அம்மரை வெண்கலக் கட்டி ஒன்றினுள், நட்டினுள் போல்ட் இருப்பதைப்போல, இறங்கியிருக்கிறது. இந்தக் கட்டிக்கு 'டிரனியன்' என்று பெயர். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரை கட்டிக்குள் சற்றே சுழல்கிறது. இந்த மூட்டுக்குக் கெட்டியான கிரீஸ் அல்ல, கியர் எண்ணெய் விட வேண்டும் என்பது இக்காரைச் செய்தவர்களின் விதி. மரையின் குறுகிய இடைவெளிகளில் எண்ணெய் எளிதில் பரவும். நீரையும் உள்ளே தங்கவிடாது.

எண்ணெய் விடாவிட்டால் என்ன நேரும்? உராய்வு கூடும். முதல் அறிகுறியாக ஸ்டீயரிங் கனக்கும். அடுத்த அறிகுறி இன்னும் நுட்பமானது. வளைவில் திரும்பியபின் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாகவே நேர்நிலைக்கு வர வேண்டும். சக்கரம் திரும்பும் அச்சு சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதே இதற்குக் காரணம். அவ்வச்சின் கோடு தரையைத் தொடும் புள்ளிக்குப் பின்னால் டயர் தரையைத் தொடுகிறது. ஆகவே டயர் அப்புள்ளியைத் தொடர்ந்து இழுபட்டு நேராகிறது. மூட்டில் உராய்வு மிகுந்தால் இந்தச் சிறு விசையால் அதை வெல்ல முடிவதில்லை. ஸ்டீயரிங் திருப்பிய இடத்திலேயே நின்றுவிடும்.

இதற்குள் நீர் புகுந்து மரையில் துரு ஏறியிருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் எஃகு உறுப்பு முறுக்கப்படுகிறது. மரையின் பள்ளங்களிலே தகைவு குவிகிறது. அங்கே மயிரிழை போன்ற விரிசல் தோன்றி, நாளுக்கு நாள் வளர்கிறது. ஓர் இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்துப் பாருங்கள். பத்தாவது வளைவில் அது ஒடிந்தால், பழியைப் பத்தாவது வளைவின்மீது மட்டும் போடலாமா? முதல் ஒன்பதுக்கும் அதில் பங்கு உண்டன்றோ? இதையே உலோகக் களைப்பு என்கிறோம். ஒருநாள் அந்த உறுப்பு ஒடிகிறது. சக்கரம் உடனே மடிந்து சாய்கிறது. காரை நிறுத்தும் இடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது இது நேர்ந்தால் தப்பினோம். நெடுஞ்சாலையில் நேர்ந்தால்?

ஆகவே அறிகுறிகளைப் படிக்கத் தெரிய வேண்டும். நல்ல மெக்கானிக் செய்வது நாம் ஆய்வுக்கூடத்தில் செய்வதையே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? முதலில் இரு முன் டயர்களிலும் காற்றழுத்தம் சமமா என்று பார்ப்பார். பிறகு இரு முன் சக்கரங்களையும் இடம் மாற்றுவார். இழுப்பும் திசை மாறினால் குற்றம் டயரில், மாறாவிட்டால் வேறெங்கோ. பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பிரேக்கை.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்குகிறதா? சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 65 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 18 மீட்டர். எனவே சக்கரம் வினாடிக்கு 10 முறை சுழலும். அச்சிலிருந்து 16 சென்டிமீட்டர் தொலைவில் வெறும் 30 கிராம் எடை சமன் தவறியிருந்தால், அதனால் எழும் விசை ஏறக்குறைய 19 நியூட்டன். சுமார் 2 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம்! அது வினாடிக்குப் பத்து முறை சக்கரத்தை உலுக்குகிறது. சக்கரத்தின் இயல்பான அதிர்வெண்ணும் இதை ஒட்டியே அமைவதால் ஒத்ததிர்வு உண்டாகிறது. மூட்டுகள் தேய்ந்திருந்தால் நடுக்கம் இன்னும் பெருகும்.

ஸ்டீயரிங் கனக்கிறதா? முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்தி, மீண்டும் திருப்பிப் பார்ப்பார். இலேசாகத் திரும்பினால் டயரின் காற்றையும் சக்கரங்களின் கோணங்களையும் ஆராயலாம். அப்போதும் கனத்தால் குற்றம் மூட்டுகளிலோ, ஸ்டீயரிங் பற்சட்டத்திலோ இருக்கிறது.

பள்ளத்தில் இறங்கும்போது 'டக்' என்ற ஓசையா? உயர்த்திய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். ஆட்டம் தெரிந்தால் பேரிங்கா, மூட்டா? உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்வார். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பந்துமூட்டு அல்லது டிரனியன். இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் ஆடினால் 'டை ராடு எண்டு' தேய்ந்திருக்கக்கூடும்.

இவற்றுள் காற்றுக் குறைவும் சமன் குறைவும் பொறுத்துச் சரிசெய்யக் கூடியவை. மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குச் சென்றுவிடலாம். ஆனால் மூட்டில் ஆட்டம் கண்டாலும், ஸ்டீயரிங் தானாக நேராகாவிட்டாலும், கனம் திடீரெனக் கூடினாலும் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இழுவை வண்டிக்கு ஆகும் செலவு உயிரைவிடப் பெரிதன்று.

மாணவர்களே, உயர்த்திய வண்டியின் அடியில் நீங்கள் செல்லவே கூடாது. ஆனால் உங்கள் தெருக்கோடிப் பட்டறையில் மெக்கானிக் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கும்போது சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். உராய்வு, திருப்புவிசை, ஒத்ததிர்வு, உலோகக் களைப்பு என்று நீங்கள் வகுப்பில் படிப்பவற்றை அவர் கையால் தொட்டு அறிகிறார். ஒவ்வொரு முறையும் "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். விடை சொல்ல அவருக்கும் மகிழ்ச்சியாகவே இருக்கும்.