பருப்பில்லாமல் ஒரு காய்க் குழம்பு

பருப்பு சேராத காய்க் குழம்பு ருசியாக அமைய வேண்டுமென்றால், சாம்பாரில் பருப்பு என்ன வேலை பார்க்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். வேகவைத்து மசித்த துவரம் பருப்பு புளித் தண்ணீருக்குக் கெட்டி கொடுக்கிறது. புளிப்பும் காரமும் நாக்கில் நேராகப் படாமல் மட்டுப்படுத்துகிறது. சோற்றோடு சேர்ந்து வயிற்றை நிறைக்கும் புரதத்தையும் தருகிறது. பருப்பை மட்டும் எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் சாம்பார் மாதிரியே செய்தால், மிஞ்சுவது காரமான புளித் தண்ணீரும் அதில் மிதக்கும் காயும்தான். பருப்பில்லாக் குழம்பு சப்பென்று இருக்கும் என்ற பேச்சு அப்படித்தான் கிளம்பியது. இந்த வேலைகளை வேறு பொருள்களிடம் பிரித்துக் கொடுத்துவிட்டால் குழம்பின் ருசியில் ஒரு குறையும் தெரியாது. அதில் பெரும்பங்கைக் காயே ஏற்றுக்கொள்ளும்.

பருப்பைத் தவிர்க்கும் காரணம் வீட்டுக்கு வீடு வேறு. 2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது விலையே காரணமாக இருந்தது. ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ, தினமும் சாம்பார் வைக்கும் வீட்டில் மாதக் கடைசி வரை வராது. சிலருக்குப் பருப்பு வாயுத் தொல்லை கொடுக்கும். பருப்பிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளைச் சிறுகுடலால் செரிக்க முடியாது. பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைப்பதால் வயிறு உப்புகிறது. வைணவப் பிரிவினரான மாத்வர்கள் சாதுர்மாஸ்ய விரதத்தின் நான்காம் மாதத்தில் பருப்பு வகை முழுவதையும் விலக்குகிறார்கள்.

கீழ்க்கட்டளை போன்ற தென்சென்னைப் புறநகர்களில் இன்னொரு காரணமும் உண்டு: தண்ணீர். 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் பழைய பல்லாவரம் நகராட்சியோடு சேர்ந்து வந்த ஊர் இது. ஏரிக்கரையை ஒட்டி வளர்ந்த ஊரானாலும், பல தெருக்களில் குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர்தான். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர். உப்பும் கால்சியமும் கூடிய போர் தண்ணீரில் பருப்பு எளிதில் குழையாது. பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு கால்சியம் சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. குக்கரில் ஐந்தாறு விசில் விட்ட பிறகும் துவரை விரலிடையில் மசியாமல் உருளும். கேன் தண்ணீர் தீர்ந்து போய் அடுத்த வண்டி வராத காலையில், பருப்பில்லாக் குழம்பு நேரத்தையும் எரிவாயுவையும் மிச்சப்படுத்தும் நல்ல வழி.

இனி காய். குழம்பில் கரைந்து கெட்டி கொடுக்கும் காய் ஒன்றும், உருக்குலையாமல் நின்று கடிக்கக் கிடைக்கும் காய் ஒன்றும் கட்டாயம் வேண்டும். கரைவதற்குப் பரங்கிக்காய் தலைசிறந்தது. தோல் சீவிப் போட்டால் பத்து நிமிடத்தில் குழைந்து, பருப்பு தருகிற அதே மழமழப்பையும் லேசான இனிப்பையும் கொடுக்கும். அந்த இனிப்புதான் புளிப்பை மட்டுப்படுத்துகிறது. நன்கு வதங்கிய கத்திரிக்காயும் பழுத்த நாட்டுத் தக்காளியும் இதே வேலையைச் செய்யும். தக்காளியில் இயற்கையாகவே குளுட்டமேட் உண்டு. குழம்புக்கு நிறைவான ருசி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். நிற்பதற்கு முருங்கைக்காய், வாழைக்காய், சேனை, வெண்டை. சேப்பங்கிழங்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கும்: துண்டாகவும் இருக்கும், மாவுச்சத்தைக் குழம்பிலும் விடும். சுரைக்காய், புடலை, சௌசௌ ஆகியவற்றில் தண்ணீர் அதிகம். பருப்பு இருந்தால் அவை கூட்டுக்கு அருமை. பருப்பில்லாக் குழம்பில் தனியாகப் போட்டால் நீர்த்துவிடும்.

சின்ன வெங்காயத்தைக் காயாகவே எண்ண வேண்டும். தாளிப்புக்கு நாலைந்து போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது; நான்கு பேர் குழம்புக்குப் பதினைந்தாவது வேண்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ தெருவில் வரும் தள்ளுவண்டியிலோ வாங்கும்போது பிஞ்சுக் கத்திரிக்காயும் நன்கு முற்றிய பரங்கிக் கீற்றும் பார்த்து எடுத்தால் பாதி வேலை முடிந்தது. பரங்கியின் உட்சதை ஆழ்ந்த மஞ்சளாகவும், விதை பருத்தும் இருப்பது முற்றியதன் அடையாளம்.

கெட்டிக்கு அடுத்த துணை அரிசி. ஒரு மேசைக்கரண்டி பச்சரிசியை வெறும் வாணலியில் வெள்ளையாகப் பொரியும்வரை வறுத்து மசாலாவோடு அரைத்துவிட்டால், கொதிக்கும்போது அதன் மாவுச்சத்து நீரை உறிஞ்சி விரிந்து குழம்பைப் பிடித்து நிறுத்தும். வறுக்காத அரிசி மாவைக் கரைத்து ஊற்றுவதும் வழக்கம்தான். ஆனால் அதில் மாவு வாடை தங்கிவிடுகிறது, ஆறியதும் கூழ் மாதிரி இறுகுகிறது. வறுத்த அரிசியே மேல். செட்டிநாட்டு வெண்டைக்காய் மண்டியில் அரிசி களைந்த தண்ணீரிலேயே புளி கரைப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான். எவர் வீட்டிலும் கொட்டிவிடுகிற தண்ணீரைக் கொண்டு குழம்பைக் கெட்டியாக்கிய அந்தக் கைப்பக்குவத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

நான்கு பேருக்கான அளவு: பரங்கிக்காய் 200 கிராம், கத்திரிக்காய் 150 கிராம், முருங்கைக்காய் ஒன்று, சின்ன வெங்காயம் பதினைந்து, தக்காளி இரண்டு, சிறிய எலுமிச்சை அளவு புளி. அரைக்க: தனியா இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஆறு, மிளகு அரைத் தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, பச்சரிசி ஒரு மேசைக்கரண்டி, தேங்காய்த் துருவல் கால் கப். நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டிக்குக் குறையக் கூடாது. பருப்பு இருக்கும் குழம்பு எண்ணெய் குறைந்தாலும் சமாளித்துக்கொள்ளும், இது சமாளிக்காது. புளிப்பின் கூர்மையைத் தணிக்க இங்கே பரங்கியின் இனிப்போடு எண்ணெயும் தேங்காயும்தான் இருக்கின்றன.

அரிசியைத் தனியாக வறுத்து எடுத்துக்கொண்டு, தனியா, மிளகாய், மிளகை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சிறு தீயில் வறுக்க வேண்டும். தனியா நிறம் மாறி மணம் எழும்போது சீரகத்தையும் வெந்தயத்தையும் போட்டு, வெந்தயம் சிவந்தவுடன் இறக்கிவிட வேண்டும். வெந்தயம் கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும்; அதை எதைப் போட்டும் சரிசெய்ய முடியாது. கடைசியில் அணைத்த அடுப்பின் சூட்டிலேயே தேங்காயைப் புரட்டி, எல்லாவற்றையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு மையாக அரைக்க வேண்டும். கொரகொரப்பாக விட்டால் அரிசி திப்பிதிப்பாகத் தங்கும்.

மீதி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, வெங்காயத்தை ஓரம் சிவக்க வதக்கி, தக்காளியைப் போட்டுக் கரையும்வரை கிளற வேண்டும். பிறகு கத்திரிக்காய், முருங்கைக்காய், பரங்கிக்காய், மஞ்சள் தூள். ஐந்து நிமிடம் எண்ணெயிலேயே வதங்கட்டும். இந்த வதக்கலைத் தாண்டிப் போகவே கூடாது. நேராகத் தண்ணீரில் வெந்த காய்க்கும் எண்ணெயில் வதங்கிய காய்க்கும் உள்ள ருசி வித்தியாசம் பருப்பு இருக்கும்போது மறைந்துகிடக்கும். இல்லாதபோது முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டு கப் தண்ணீரும் உப்பும் சேர்த்து மூடி, காய் முக்கால் பதம் வேகும்வரை புளியைக் காட்டவே கூடாது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் காயின் பெக்டின் கரைவதைத் தடுக்கிறது. புளித் தண்ணீரில் முதலிலேயே போட்ட சேனையும் உருளையும் அரைமணி நேரம் கொதித்தும் நறுக்கென்று இருப்பதற்கு இதுவே காரணம். வெண்டைக்காய்க்கு மட்டும் இது நேர்மாறு: அமிலம் அதன் கொழகொழப்பைக் குறைக்கும், ஆகவே வதக்கியதும் புளியில் போடலாம். காய் வெந்ததும் பரங்கித் துண்டுகளில் பாதியைக் கரண்டியின் முதுகால் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து நசுக்கிக் கரைத்துவிட வேண்டும். இதுதான் பருப்பின் இடத்தை நிரப்பும் கட்டம். அதன் பிறகே புளிக்கரைசலை ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதிக்கவைத்து, அரைத்த விழுதைச் சேர்க்க வேண்டும். விழுது சேர்ந்ததும் தீயைக் குறைத்து அடிக்கடி கிளறாவிட்டால் அரிசி அடிப்பிடிக்கும். பத்து நிமிடத்தில் குழம்பு சுண்டி, ஓரங்களில் எண்ணெய் பிரிந்து சின்னச் சின்ன வட்டங்களாக மிதக்கும். அதுதான் பதம். சுண்டைக்காய் அளவு வெல்லம் கடைசியில் போட்டால் புளி, உப்பு, காரம் மூன்றும் ஒன்றோடொன்று இணங்கும்.

இந்த முறையில் புதுமை ஒன்றுமில்லை. தமிழ்ச் சமையலில் பருப்பு தொடாத குழம்புகள் எப்போதும் இருந்தவை. வேலைக்காகப் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் நிறைந்த தென்சென்னைப் புறநகர்களில், அவை பக்கத்துப் பக்கத்துச் சமையலறைகளில் கொதிக்கின்றன. நாகர்கோவில் பக்கத்துத் தீயலில் தேங்காயையும் சின்ன வெங்காயத்தையும் தனியா, மிளகாயோடு சேர்த்து ஆழ்ந்த பழுப்பு நிறம் வரும்வரை பொறுமையாக வறுத்து அரைக்கிறார்கள். வறுபடும்போது பிறக்கும் மணமும் தேங்காயின் கொழுப்புமே அந்தக் குழம்பைத் தாங்குகின்றன. அவசரப்பட்டு இளஞ்சிவப்பில் இறக்கினால் அது தீயல் ஆகாது. தஞ்சாவூர் வத்தக்குழம்பு சுண்டைக்காய், மணத்தக்காளி வற்றலை நல்லெண்ணெயில் பொரித்து, புளியைச் சுண்டவைத்தே கெட்டியாக்குகிறது.

திருநெல்வேலிச் சொதியில் பாசிப்பருப்பு உண்டு. யாழ்ப்பாணத்துச் சொதியில் இல்லை. தேங்காய்ப் பால், பச்சை மிளகாய், வெங்காயம், மஞ்சள் இவற்றோடு முடித்து, இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு பிழிகிறார்கள். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி நுரை கட்டும்போதே இறக்க வேண்டும் என்பது தேங்காய்ப் பால் குழம்பு எதற்கும் விதி. தளதளவென்று கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். மோர்க்குழம்புக்கும் அதே எச்சரிக்கை. அதில் ஊறவைத்த துவரை அல்லது கடலைப் பருப்பை அரைப்பது வழக்கம். பதிலாக ஊறவைத்த பச்சரிசியை மட்டும் தேங்காய், சீரகம், பச்சை மிளகாயோடு அரைத்தாலும் மோர் திரியாமல் நிற்கும்.

உடல்நிலைக்காகவோ விரதத்துக்காகவோ பருப்பை முற்றிலும் விலக்குகிறவர்கள், ஒளிந்திருக்கும் பருப்பையும் பார்க்க வேண்டும். கடையில் வாங்கும் சாம்பார் பொடியில் துவரையும் கடலைப் பருப்பும் இருக்கும். மில்லில் அரைத்து வைக்கும் குழம்பு மிளகாய்த் தூளிலும் பல வீடுகளில் ஒரு பிடி பருப்பு சேர்க்கிறார்கள். கெட்டிக்காகக் கரைத்து ஊற்றச் சொல்லும் கடலை மாவும், அரைக்கச் சொல்லும் பொட்டுக்கடலையும் கடலைப் பருப்பின் வேறு உருவங்களே. தாளிப்பில் கை தானாகவே உளுத்தம் பருப்பைத் தேடும். மொச்சை, பச்சைப் பட்டாணி, காராமணி ஆகியவையும் பயறு இனந்தான். வெந்தயமும் தாவர இயல் கணக்கில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்டிப்பான விலக்கு உள்ளவர்கள் அதை விட்டுவிட்டுச் சீரகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

ருசி திரும்பிவிட்டாலும் புரதம் தானாகத் திரும்பாது. நூறு கிராம் துவரம் பருப்பில் ஏறக்குறைய 22 கிராம் புரதம். ஒருவர் பங்குக்கு 30 கிராம் பருப்பு என்று வைத்தால் ஆறரை கிராம் அளவுக்குக் குறைகிறது. காய்களில் அதை ஈடுகட்டும் அளவு கிடையாது. சாப்பாட்டில் தயிரோ, முட்டையோ, மீனோ, எள்ளுத் துவையலோ உடன் இருக்க வேண்டும். முருங்கைக்கீரைப் பொரியல் நல்ல துணை. புரதம் கூடுதலாக உள்ள கீரைகளில் அதுவும் ஒன்று. வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், மருத்துவக் காரணம் இல்லாமல் நாள் தவறாமல் பருப்பை ஒதுக்குவது சரியல்ல. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பருப்பில்லாக் குழம்பு, மற்ற நாள் பருப்பு என்று மாற்றிக்கொள்வது நல்லது.

வைத்திருப்பதில் ஒரு வேறுபாடு உண்டு. பருப்புச் சாம்பார் சென்னை வெயிலில் காலையில் வைத்தது மாலைக்குள் நுரைத்துவிடும். தேங்காய் சேர்க்காத, புளியும் நல்லெண்ணெயும் தூக்கலான வத்தக்குழம்பு மறுநாளும் நன்றாக இருக்கும். தேங்காய் அரைத்துவிட்ட காய்க் குழம்பை அப்படி நம்பக் கூடாது. அன்றே தீர்த்துவிட வேண்டும், அல்லது ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் வெந்நீர் கொஞ்சம் விட்டுத் தளர்த்திச் சூடாக்க வேண்டும். அரிசி இறுகியிருக்கும் என்பதால் வெந்நீர் இல்லாமல் சூடாக்கினால் அடிப்பிடித்துவிடும்.